வட்டி ஸ்வாப்பும் விளக்கக் குறிப்பும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில், வணிகவியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வட்டி விகிதம் ஏறி இறங்குவதிலிருந்து தப்பிக்க கம்பெனிகள் போடுகிற ஒப்பந்தங்களை எப்படி மதிப்பிடுவது, எப்படிக் கணக்கில் எழுதுவது என்று பேசச் சொல்லி, விருந்துச் சாப்பாடு முடிந்த கையோடு என்னை மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். சங்கச் செயலாளருக்கும் எனக்கும் விடுதிக் காலத்துப் பாக்கி ஏதோ இருக்கிறது போலிருக்கிறது. தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். பின் வரிசையில் தூங்கித்தான் நானும் பி.காம். முடித்தேன்.

முதலாண்டில் எங்களுக்குக் கணக்குப் பதிவியல் எடுத்த பேராசிரியருக்கு ஒரு பழக்கம். குறிப்பேட்டுப் பதிவில் பற்றும் வரவும் சரியாக இருக்கும், தொகையும் சரியாக இருக்கும். ஆனால் கீழே அடைப்புக்குறிக்குள் விளக்கக் குறிப்பு எழுதவில்லை என்றால் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவார். "சார், தொகை சரியாத்தானே சார் இருக்கு?" என்று ஒரு முறை போய் நின்றேன். "தொகை சரிதாம்ப்பா. எதுக்காகப் போட்டேன்னு எழுதலையே? நாளைக்கு நீ லீவு போட்டா இந்தப் பதிவு எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பாதி மதிப்பெண்ணின் விலை என்னவென்று 2008ஆம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் சரக்கு என்னவென்று பார்த்துவிடுவோம்.

ஒரு நூற்பாலை இருக்கிறது. புது மெஷின் வாங்க வங்கியில் 100 கோடி ரூபாய் கடன். வட்டி நிலையான வட்டி அல்ல, மாறும் வட்டி. சந்தையில் வட்டி ஏறினால் இவர்களுக்கும் ஏறும். எவ்வளவு ஏறும் என்று கேட்பீர்கள். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.50. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம். இந்த ஆலையின் கடனும் அதே அளவு ஏறியது என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு இரண்டரைக் கோடி ரூபாய் கூடுதல் வட்டி. ஆலையில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. பஞ்சு விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பணம் போகிறது.

இதற்குத்தான் வட்டி ஸ்வாப். ஆலை ஒரு வங்கியோடு இப்படி ஒப்பந்தம் போடுகிறது: "நான் உனக்கு 100 கோடிக்கு வருஷம் 7 சதவீதம் நிலையாகத் தருகிறேன். நீ எனக்கு அதே 100 கோடிக்குச் சந்தையில் அன்றைக்கு என்ன வட்டியோ அதைக் கொடு." அசல் கை மாறுவதே இல்லை. 100 கோடி என்பது கணக்குப் போடுவதற்கான ஒரு எண், அவ்வளவுதான். வித்தியாசத்தை மட்டும் கொடுக்கல் வாங்கல் செய்துகொள்வார்கள். வங்கியிடமிருந்து வரும் மாறும் வட்டியை வாங்கிக் கடன்காரரிடம் கட்டிவிட்டால், ஆலைக்கு நிற்பது 7 சதவீதமும், கடன் கொடுத்தவர் மேலே வைத்திருக்கிற கூடுதல் விகிதமும்தான். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 1999 ஜூலையில் இதற்கு வழி திறந்துவிட்டது. மாறும் வட்டிக்கு அளவுகோலாக மைபார் என்கிற ஒரு நாள் வங்கிகளுக்கிடையேயான வட்டியைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஒப்பந்தத்துக்கு மதிப்பு என்ன? முதல் நாள் பூஜ்யம். இரண்டு பக்கமும் அன்றைய சந்தையில் சமம் என்பதால்தான் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். (வங்கி தன் லாபத்தை அந்த 7 சதவீதத்துக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கும். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) கொஞ்ச காலம் போகிறது. இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருக்கும்போது சந்தையில் மூன்று வருஷ ஸ்வாப் விகிதம் 6 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது என்று வையுங்கள். அதே மாறும் வட்டியை வாங்க இன்றைக்குப் புதிதாக வருகிறவர் 6 கொடுத்தால் போதும். நாமோ 7 கொடுத்துக் கொண்டிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு சதவீதம், அதாவது ஒரு கோடி, மூன்று வருஷத்துக்கு அதிகமாகக் கொடுக்கப் போகிறோம்.

அதற்காக மூன்று கோடி நட்டம் என்று எழுதிவிடக் கூடாது. ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். முதல் மாசமே சீட்டை எடுக்கிறவர் தள்ளிக் கொடுத்துத்தானே எடுக்கிறார்? நாளைக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு. 6 சதவீதத்தில் கழித்துப் பார்த்தால் முதல் வருஷத்து ஒரு கோடிக்கு இன்றைய மதிப்பு 94.34 லட்சம், இரண்டாம் வருஷத்துக்கு 89 லட்சம், மூன்றாம் வருஷத்துக்கு 83.96 லட்சம். கூட்டினால் 2 கோடியே 67 லட்சத்து 30 ஆயிரம். இதுதான் அன்றைக்கு அந்த ஸ்வாப்பின் மதிப்பு. நமக்கு அது பொறுப்பு. வட்டி 6க்குப் பதிலாக 8 ஆகியிருந்தால் அதே ஒரு கோடி நமக்கு வருமானம். அப்போது 8 சதவீதத்தில் கழிக்க வேண்டும். 2 கோடியே 57 லட்சத்து 70 ஆயிரம் சொத்து. ஏறினாலும் இறங்கினாலும் ஒரு சதவீதம்தானே, தொகை ஏன் வேறு என்று யாராவது கேட்டால் அவர் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். கழிக்கிற விகிதம் மாறிவிட்டது, அதனால்.

உண்மையில் அலுவலகத்தில் செய்யும்போது ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனி விகிதம் எடுப்பார்கள், எதிர்த்தரப்பு பணம் கட்டாமல் போகிற அபாயத்துக்கும் நம்முடைய அபாயத்துக்கும் கொஞ்சம் சரிக்கட்டுவார்கள். அதெல்லாம் நுணுக்கம். அடிப்படை நீங்கள் இரண்டாம் ஆண்டில் படிக்கிற நிகழ்கால மதிப்பு அட்டவணைதான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கம்பெனிகளில் இந்த மதிப்பை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஸ்வாப் விற்ற வங்கியே மாசாமாசம் ஒரு தாள் அனுப்பும், அதில் இருக்கிற எண்ணைக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். நகையை விற்றவர் கடையிலேயே, அவர் தராசிலேயே எடை சரிபார்க்கிற மாதிரி. எடை சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்தீர்களா?

சரி, 2.67 கோடி பொறுப்பு என்று வந்துவிட்டது. இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் போட்டாயிற்று. பற்று எங்கே? தகராறு ஆரம்பிக்கிற இடம் இதுதான்.

எதுவும் யோசிக்காமல் லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோனால், ஆலையின் அந்த வருஷ லாபம் 5 கோடி என்றால் அது 2 கோடியே 33 லட்சமாக இளைத்துவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வட்டி குறைந்ததால் ஸ்வாப்பில் நட்டம். அதே வட்டி குறைந்ததால் கடனில் நமக்கு மிச்சம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத்தான் ஸ்வாப்பே போட்டோம். ஸ்வாப்பின் மூன்று வருஷத்து நட்டம் மொத்தமாக இன்றைக்கே வந்து விழுகிறது. கடனின் மிச்சமோ அடுத்த மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அபாயத்தைக் குறைத்த கம்பெனியின் லாபம், குறைக்காத கம்பெனியின் லாபத்தைவிட அதிகமாக ஆடுகிறது. விசித்திரம்தான்.

இந்த விசித்திரத்தைச் சரிசெய்ய வந்ததுதான் ஹெட்ஜ் கணக்கியல். இன்றைக்கு நம் நாட்டில் பெரிய கம்பெனிகளுக்கு இண்ட் ஏ.எஸ். 109 என்கிற தரநிலை. 2016 ஏப்ரல் 1 முதல் படிப்படியாக வந்தது. மாறும் வட்டிக் கடனை ஸ்வாப் மூலம் நிலையான வட்டியாக்கினால் அதற்குப் பெயர் ரொக்கப் பாய்வு ஹெட்ஜ். அந்த 2.67 கோடி லாப நட்டக் கணக்குக்குப் போகாது. இதர முழு வருமானம் என்கிற தனிப் பகுதி வழியாகச் சொந்த நிதியில் ஒரு ஒதுக்காகப் போய் உட்காரும். ஒவ்வொரு வருஷமும் வட்டி கட்டும்போது அந்த வருஷத்துப் பங்கு மட்டும் வெளியே வந்து வட்டிச் செலவோடு சேரும். வட்டிச் செலவு புத்தகத்தில் ஒழுங்காக 7 சதவீதம் என்றே நிற்கும். மூன்றாம் வருஷக் கடைசியில் ஒதுக்கு தானாகவே பூஜ்யம். எதிர்த்திசையிலும் உண்டு: 9 சதவீத நிலையான வட்டிக் கடன் பத்திரம் வெளியிட்ட கம்பெனி ஸ்வாப் போட்டு அதை மாறும் வட்டியாக்கலாம். அது நியாய மதிப்பு ஹெட்ஜ். அங்கே ஸ்வாப்பின் ஏற்ற இறக்கமும், வட்டியால் கடனின் மதிப்பில் வருகிற ஏற்ற இறக்கமும் இரண்டுமே லாப நட்டக் கணக்குக்குப் போய் அங்கே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

இந்த வசதி சும்மா கிடைக்காது. ஸ்வாப்பை ஹெட்ஜாக நடத்தப் போகிறோம் என்பதற்கு முதல் நாளே ஒரு காகிதம் எழுதி வைக்க வேண்டும். எந்த ஒப்பந்தம், எந்தக் கடனுக்காக, அந்தக் கடனில் எந்த அபாயத்துக்காக, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுகிறதா என்று எப்படிச் சோதிக்கப் போகிறோம், எத்தனைக்கு எத்தனை என்கிற விகிதம் என்ன, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். மறந்துவிட்டு மார்ச் 31ஆம் தேதி உட்கார்ந்து முன் தேதி போட்டு எழுத முடியாது. எழுதிய நாளிலிருந்துதான் செல்லும். ஆகப் பொருளில் ஹெட்ஜ் இல்லை. ஒரே ஸ்வாப், பக்கத்தில் கடன் இருந்தால் ஹெட்ஜ். கடன் இல்லையென்றால் பந்தயம். அதை எதற்காகப் போட்டோம் என்கிற அந்தக் காகிதம்தான் வித்தியாசம். எங்கள் பேராசிரியர் வெட்டிய பாதி மதிப்பெண் இப்போது ஞாபகம் வருகிறதா?

இனி என் கதை. 2007இல் கோவைப் பக்கம் ஒரு ஆலையில் நான் நிதி மேலாளர். நவீனமயமாக்கலுக்கு வாங்கிய ரூபாய்க் கடன், நல்ல வட்டி. ஒரு வங்கியிலிருந்து இளைஞர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். மிக நல்ல பையன். "சார், உங்க வட்டிச் செலவுல 2 சதவீதம் குறைச்சுத் தர்றேன் சார்" என்றார். ஒப்பந்தத்தின் சாரம் இது: சுவிஸ் பிராங்க் டாலருக்கு எதிராக ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தொடாதவரை எங்களுக்கு 2 சதவீதம் வரும். தொட்டுவிட்டால், முன்பே பேசிய விலையில் பிராங்க் கொடுக்க வேண்டிய கடமை எங்களுக்கு வரும். "அது அவ்வளவு தூரம் போனதே இல்லை சார்" என்று ஒரு வரைபடம் காட்டினார். உண்மைதான், அதுவரை போனதில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், இயக்குநர் குழுவுக்கு அரைப் பக்கக் குறிப்பு எழுதினேன். தலைப்பு "வட்டிச் செலவுக் குறைப்பு". முதல் தவணையாக வந்த 38 லட்சத்தை வட்டிச் செலவில் கழித்துக் காட்டினேன். எம்.டி. கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அந்த நாட்களில் இதுபோன்ற ஒப்பந்தத்தின் சந்தை மதிப்பைப் புத்தகத்தில் காட்ட வேண்டும் என்று நம் ஊரில் கட்டாயமான தரநிலை எதுவும் நடைமுறையில் இல்லை. அதனால் ஒப்பந்தம் ஒரு கோப்பில் இருந்தது, பேரேட்டில் இல்லை.

2008 மார்ச்சில் டாலர் முதன்முறையாக ஒரு பிராங்குக்குக் கீழே போனது. வங்கியிலிருந்து மதிப்புத் தாள் வந்தது. அந்த எண்ணை நான் மூன்று தரம் படித்தேன். ஆலையின் அந்த வருஷ லாபத்தைவிடப் பெரிய எண். வாஸ்தவமாகச் சொல்கிறேன், அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எம்.டி.யிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. அதே மார்ச் இறுதியில் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி, நிலுவையில் உள்ள டெரிவேட்டிவ்களின் சந்தை மதிப்பு நட்டத்துக்குக் கணக்கில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று. நட்டத்துக்குத்தான், லாபத்துக்கு இல்லை.

ஆடிட்டர் வந்தார். வயதானவர், குரலை உயர்த்தாதவர். "இது எதுக்காகப் போட்டதுங்க?" என்று கேட்டார்.

"வட்டி அபாயத்துக்கு சார்."

"கடன் எந்த நாணயத்துல?"

"ரூபாய்ல சார்."

"அப்ப பிராங்க் எங்கிருந்துங்க வந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. முதல் நாளே ஒரு காகிதத்தில் "எந்தக் கடன், எந்த அபாயம்" என்று எழுத உட்கார்ந்திருந்தால் இரண்டாவது வரியிலேயே பேனா நின்றிருக்கும். ரூபாய்க் கடனின் எந்த அபாயத்தைச் சுவிஸ் பிராங்க் தடுக்கிறது? எதையும் இல்லை. நாங்கள் இன்சூரன்ஸ் வாங்கப் போய் இன்சூரன்ஸ் விற்றுவிட்டு வந்திருந்தோம். வந்த 2 சதவீதம் வட்டிக் குறைப்பு அல்ல, நாங்கள் விற்ற பாலிசிக்கு வந்த பிரீமியம். அதைத்தான் நான் வட்டிச் செலவில் கழித்துக் காட்டிப் பாராட்டு வாங்கியிருந்தேன்.

ஒப்பந்தத்தை முறித்தோம். முறிக்கிற பணத்துக்குப் புதுக் கடன். அடுத்த பிரிவுக்கு வாங்கவிருந்த மெஷின் நின்றது. அந்தத் தீபாவளிக்கு போனஸ் 8.33 சதவீதம், சட்டப்படி குறைந்தபட்சம். அதற்கு முந்தைய வருஷங்களில் அப்படி இருந்ததில்லை. வைண்டிங் பிரிவில் இருபது வருஷமாக வேலை பார்த்த ஒரு அம்மா என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்: "ஏனுங்க சார், நூலெல்லாம் நல்லாத்தானுங்க போச்சு? அப்புறம் நட்டம் எங்கிருந்துங்க வந்துச்சு?" ஆடிட்டர் கேட்ட அதே கேள்வி. அவருக்காவது பேசாமல் நின்றேன். இந்த அம்மாவுக்கு "வெளிநாட்டுல வட்டி மாறிடுச்சுங்கம்மா" என்று ஒரு பொய் சொன்னேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

வழக்குப் போடலாமா என்று பேச்சு வந்தது. வேறொரு சர்க்கரை ஆலை இதே மாதிரி விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் போயிருந்தது. 2008 அக்டோபரில் வந்த தீர்ப்பில், இது சூதாட்ட ஒப்பந்தம், செல்லாது என்கிற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. படித்தவர்கள், கம்பெனி நடத்துகிறவர்கள், கையெழுத்துப் போட்டபின் தெரியாது என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் ஒரு கையால் தட்டினால் ஓசை வருமா? வாடிக்கையாளருக்கு இது பொருந்துமா என்று வங்கி பார்க்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2007 ஏப்ரலிலேயே விதி போட்டிருந்தது. டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதமும் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 15 லட்சம் ரூபாய். எங்கள் ஆலை இழந்ததோடு ஒப்பிட்டால் அது டீச் செலவு.

நம் ஊர்க்காரர்களுக்குத்தான் விவரம் பத்தவில்லை என்று நினைக்க வேண்டாம். ஏரியல், டைடு விற்கிற பிராக்டர் அண்ட் கேம்பிள் 1993இல் பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியோடு ஒரு ஸ்வாப் போட்டது. சந்தை வட்டியைவிட முக்கால் சதவீதம் குறைவாகக் கட்டலாம் என்பது ஆசை. ஐந்து வருஷ, முப்பது வருஷ அரசுப் பத்திரங்களை வைத்துச் சுற்றிச் சுற்றி எழுதிய ஒரு சூத்திரம் அதில் இருந்தது. 1994 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. அந்த ஏப்ரலில் கம்பெனி வரிக்கு முன் 15.7 கோடி டாலர் நட்டம் அறிவித்தது. சூத்திரத்தைத் தன் மேஜையில் தானே மதிப்பிட்டுப் பார்க்க முடியாத ஒப்பந்தத்தை அவ்வளவு பெரிய கம்பெனியே வாங்கியிருக்கிறது.

இதுவரை சொன்னது தப்பான ஒப்பந்தங்களின் கதை. ஒப்பந்தம் சரியாக இருந்தும் காகிதம் சரியில்லாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை வாங்கி வைத்திருக்கிற இரட்டையர்கள், ஃபேனி மே, ஃபிரெடி மேக். இருவருக்கும் வட்டிதான் தொழில், எனவே ஸ்வாப்கள் மலை மலையாக இருந்தன. 2001இலிருந்து அங்கே எஃப்.ஏ.எஸ். 133 என்கிற தரநிலை: எல்லா டெரிவேட்டிவ்களையும் நியாய மதிப்பில் காட்டு, ஹெட்ஜ் என்றால் நிரூபி. லாபம் வருஷா வருஷம் நேர்கோட்டில் ஏற வேண்டும் என்பது இருவர் ஆசையும். ஃபிரெடியை 'நிதானமான ஃபிரெடி' என்றே பங்குச் சந்தையில் செல்லமாக அழைத்தார்கள். 2003 நவம்பரில் ஃபிரெடி தன் கணக்கைத் திருத்தியபோது பார்த்தால், சுமார் 500 கோடி டாலர் லாபத்தைக் குறைத்துக் காட்டியிருந்தது. கூட்டி அல்ல, குறைத்து! நல்ல வருஷத்து லாபத்தைப் பின்னால் வரும் வருஷங்களுக்கு ஒளித்து வைக்கிற வேலை.

ஃபேனி மே கதை இன்னும் பாடம். ஸ்வாப்பும் கடனும் அச்சு அசலாகப் பொருந்தினால் சோதனையே வேண்டாம், முழுமையாகச் சரிக்கட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என ஒரு குறுக்கு வழியை அந்தத் தரநிலை அனுமதித்தது. ஃபேனி அச்சு அசலாகப் பொருந்தாதவற்றுக்கும் அதே சலுகையை எடுத்துக்கொண்டது. 2004 செப்டம்பரில் மேற்பார்வை அமைப்பு அறிக்கை கொடுத்தது. டிசம்பரில் பங்குச் சந்தை ஆணையத்தின் தலைமைக் கணக்காளர், உங்கள் கணக்கு தரநிலைப்படி இல்லை என்று சொல்லிவிட்டார். அதே மாதம் தலைமை அதிகாரியும் நிதித் தலைவரும் பதவி இழந்தார்கள். 2006 மே மாதம் 40 கோடி டாலர் அபராதம். டிசம்பரில் திருத்திய கணக்கு வந்தபோது சேர்த்து வைத்த லாபத்தில் 630 கோடி டாலர் கழிந்தது. எல்லாம் ஸ்வாப்பால் மட்டும் வந்ததல்ல, ஆனால் பெரும் பகுதி அதுதான். இதில் கவனியுங்கள்: ஸ்வாப்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. சோதித்துப் பார்க்கவில்லை, எழுதி வைக்கவில்லை, அதனால் ஹெட்ஜ் என்கிற பெயர் பறிபோனது. ஒதுக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதெல்லாம் லாப நட்டத்தில் வந்து விழுந்தது. நமக்கு மதிப்பெண் பாதி. அவர்களுக்கு முழுதும் போயிற்று.

கடைசியாக, நடைமுறையில் நிறையப் பேர் தடுக்கி விழுகிற ஒரு படி. இது என் பிற்கால அனுபவம், வேறொரு கம்பெனி. 60 கோடி மாறும் வட்டிக் கடன், அதற்குச் சரியான ஸ்வாப், இந்தத் தடவை முதல் நாளே காகிதம். 2020இல் வட்டி சரிந்து ரெப்போ 4 சதவீதத்துக்கு வந்தபோது ஒதுக்கில் 1 கோடியே 80 லட்சம் நட்டம் உட்கார்ந்திருந்தது. கையில் பணம் இருந்ததால் கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்று இயக்குநர் ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்தேன். கடன் போய்விட்டால் வரப்போகிற வட்டியும் இல்லை. வரப்போகிற வட்டிக்காக ஒதுக்கில் வைத்திருந்த நட்டம் அன்றைக்கே முழுதும் லாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும். ஸ்வாப் மட்டும் தனியாக நின்றால் அது பந்தயம். பேசிப் பேசி, கடனில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடைத்தோம். ஸ்வாப்பிலும் மூன்றில் ஒரு பங்கை வங்கியோடு முறித்துக்கொண்டோம். ஒதுக்கிலிருந்து 60 லட்சம் அந்தக் காலாண்டிலேயே வெளியே வந்தது. எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துதான் வந்தது. கூட்டத்தில் யாரும் என்னைப் பாராட்டவில்லை. அது போதும் எனக்கு.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுக் கணக்கு தந்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 80 கோடி மாறும் வட்டிக் கடன். ஸ்வாப் 100 கோடிக்கு. ஸ்வாப்பில் 80 சதவீதத்தை மட்டும் ஹெட்ஜ் என்று முதல் நாளே எழுதி வைத்திருக்கிறது கம்பெனி. மற்றபடி நான் மேலே சொன்ன அதே எண்கள், 7 சதவீதம் 6 ஆகிறது, மூன்று வருஷம் பாக்கி. ஒதுக்குக்கு எவ்வளவு, லாப நட்டக் கணக்குக்கு எவ்வளவு? பதிவு எழுதி நாளைக் காலை சிற்றுண்டிக்கு முன்னால் என்னிடம் காட்டுகிறவர்களுக்கு என் செலவில் ஒரு காப்பி. விளக்கக் குறிப்பு இல்லாத தாளுக்கு அரைக் காப்பிதான்.